மலையிலிருந்து கடலுக்கு: அம்மாயியை எந்தக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம்?

கோத்தகிரிப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரிப் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் அம்மாயிக்கு எழுபத்தாறு வயது. 1974-ல் இலங்கையில் அட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாத்தாவோடும், கைக்குழந்தையாக இருந்த எங்கள் அம்மாவோடும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அப்படி வந்தவர்களுக்கான மண்டபம் கேம்ப்பில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு மலைக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர் கடலைப் பார்க்கவே இல்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இறங்கியது ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான்.

போன வாரம் டிவியில் புதிய பாம்பன் பாலத்தைக் காட்டினார்கள். கொழுந்துக் கூடையைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தண்ணியிலதான் நாங்க வந்தோம். சாகறதுக்குள்ள ஒரு தடவ அதுல கால வெக்கணும்" என்றார். எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லாதவர் அவர். அதனால் இது எனக்குப் பெரிய விஷயம்.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. அம்மாயி, அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் (நாலு வயது, ஒன்பது வயது), நான். நான்கு நாள் கையில் இருக்கிறது. அம்மாயிக்கு முட்டி வலி, மணலில் ரொம்ப தூரம் நடக்க முடியாது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். கூட்டம் இல்லாத மீனவ ஊராக இருந்தால் நல்லது.

கூடலூர் அக்கா

தம்பி, பக்கத்துக் கடல் என்றால் கோழிக்கோடுதான். எங்களுக்கெல்லாம் கடல் என்றாலே அதுதான் ஞாபகம் வரும். நாடுகாணி இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரையில் இருக்கலாம். ஊருக்கு வடக்கே காப்பாடு, 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியதாகச் சொல்லும் இடம். கழிப்பறை, நடைபாதை எல்லாம் சுத்தமாக இருக்கும், நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை. தெற்கே பேப்பூரில் மரத்தாலேயே பெரிய 'உரு' கப்பல்கள் கட்டுவார்கள், பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம். கடலுண்டியில் ஆறு கடலில் சேரும் இடத்தில் பறவைகள் இறங்கும், ஆனால் அதற்குக் குளிர்கால மாதங்கள்தான் சரி. சாயங்காலம் கோழிக்கோடு கடற்கரையில் அரிக்கடுக்கா வாங்கிக் கொடுங்கள். கடுக்கா என்கிற கடல் சிப்பிக்குள் அரிசி மாவை அடைத்து அவித்துப் பொரித்தது. வாசனையே இழுக்கும்.

ஜூன் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் கடலில் காலே வைக்க முடியாது. மே கடைசிக்குள் போய்விடுங்கள்.

கோத்தகிரிப் பேரன்

அக்கா, ரொம்ப நன்றி. தூரம் குறைவு என்பதால் நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். அம்மாயியிடம் சொன்னேன். "அது வேற கடலு சாமி" என்றார். அதனால் ராமநாதபுரம் பக்கம்தான்.

குன்னூர் வண்டிக்காரர்

தம்பி, இருபது வருடமாகச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன், நீலகிரியிலிருந்து ராமேஸ்வரம், கன்னியாகுமரி எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். கோத்தகிரியிலிருந்து ராமேஸ்வரம் 450 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். மேட்டுப்பாளையம், அன்னூர், பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. இதுதான் வழி. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மதுரையைப் பிடிக்கலாம். மதியம் அங்கே ஒரு அறை எடுத்துப் பெரியவங்களைப் படுக்க வைத்துவிட்டு, நாலு மணிக்கு மேல் ராமநாதபுரம் கிளம்புங்கள். வயதானவங்களை ஒரே மூச்சில் கொண்டு போகாதீங்க.

ஒன்றை மறக்க வேண்டாம். நாம் ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று வாங்கியே பழகினவங்க. மே மாத ராமநாதபுரம் வெயில் நமக்கு ஆகாது. காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல், இவ்வளவுதான் கடற்கரை. நடுவில் நிழலை விட்டு வெளியே வரக் கூடாது. நுங்கும் இளநீரும் வழி முழுக்கக் கிடைக்கும். திரும்பும்போது டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டி என்றால் மலைக்குள் வர இ-பாஸ் தொல்லை இல்லை, வெளியூர் வண்டி எடுத்தால் அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், நான்கு நாள் இருக்கிறதே, குமரி மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டம், சொத்தவிளை, கணபதிபுரத்து லெமூர் கடற்கரை. எல்லாமே கண்ணுக்கு அவ்வளவு அழகு. பிள்ளைகள் விட்டு வரமாட்டார்கள்.

மணப்பாட்டுக்காரி

வண்டிக்கார அண்ணன் வழியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொன்னதெல்லாம் சரி. கடைசியில் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மன்னிக்கணும். நான் மணப்பாட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் தாத்தாவும் கடலுக்குப் போனவங்க. இப்போது ஊட்டியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

2024 மே மாதம் அந்த லெமூர் கடற்கரையில்தான் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டு போனது. மழை கிடையாது, புயல் கிடையாது. கள்ளக்கடல் என்று சொல்வார்கள். தெற்கே, எங்கேயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். கரையில் காற்றே அடிக்காது. அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று உள்ளே வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். மலையாளக் கரையிலும் இதே பெயர்தான். ஏப்ரல், மே மாதங்களில் தென்கோடிக் கரைக்கு இந்த ஆபத்து அதிகம். ஹைதராபாத்திலிருக்கும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். கடற்கரைக்குப் போகிற நாளில் காலையில் அதைப் பார்க்காமல் யாரும் இறங்காதீங்க.

இன்னொன்று, மலையில் வளர்ந்த பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு இடம் மட்டும் உடையாமல் சாதுவாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதுதான் நல்ல இடம் என்று அங்கே இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் முழுக்கத் திரும்பிக் கடலுக்குப் போகிற வழி அது. அதில் மாட்டினால் எதிர்த்து நீந்தி யாராலும் கரைக்கு வர முடியாது, பக்கவாட்டில்தான் விலகணும். உங்களுக்கு நீச்சலே தெரியாது. அதனால் அலை உடையும் கடலே உங்களுக்கு வேண்டாம்.

குன்னூர் வண்டிக்காரர்

அக்கா சொல்வது சரிதான். அந்தச் செய்தி வந்த வாரம் என் வண்டியிலும் நாகர்கோவில் போக ஒரு குடும்பம் இருந்தது, நானே போக வேண்டாம் என்று சொன்னேன். இங்கே எழுதும்போது அழகு மட்டும் ஞாபகம் வந்துவிட்டது. லெமூரை எடுத்துவிடுங்கள் தம்பி. ஆனால் முட்டத்தில் கலங்கரை விளக்கப் பக்கம் மேட்டிலிருந்து பாறையில் அலை மோதுவதைப் பார்க்கலாம், கீழே இறங்கத் தேவையில்லை. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மணப்பாட்டுக்காரி

மேட்டிலிருந்து பார்ப்பதற்கு முட்டத்தை நானும் சொல்வேன் அண்ணா.

இப்போது தம்பிக்கு. ராமேஸ்வரம் தீவில் ஆண்கடல், பெண்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். ஆனால் இந்தப் பெயரை வருடம் முழுக்க நம்பக் கூடாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் அப்படியே மாறிவிடும், வடக்கு முரண்டும், தெற்கு அடங்கும். நீங்கள் மேயில் போகிறீர்கள். அதனால் வடக்குக் கரை.

அங்கே அரியமான். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் திரும்பணும். கரை ஓரம் சவுக்குத் தோப்பு, நல்ல நிழல். பாக் கடலே ஆழம் குறைந்தது, அதிலும் அங்கே வெகுதூரம் முழங்கால் தண்ணிதான். உங்கள் அம்மாயியை ஒரு நாற்காலி போட்டுக் கடலுக்குள்ளேயே உட்கார வைக்கலாம். அதற்கு வடக்கே தேவிபட்டினம், கடலுக்குள் நவக்கிரகங்களாகக் கும்பிடும் நவபாஷாணக் கற்கள் நிற்கும், நடைபாதை போட்டிருக்கிறார்கள், பெரியவங்க மணலில் இறங்காமலே கடலுக்குள் போய் நின்றுவரலாம். தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் ஒரு கிணறு, சின்னப் பாலத்தில் நடந்து போய் வாளி போட்டு இறைத்தால் நல்ல தண்ணி. சுற்றி முழுக்க உப்பு. உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் கிடைக்காது.

பண்ணைக்காட்டு மலைவாழை

கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் அப்பாவைத் தரங்கம்பாடி கூட்டிப் போனோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் முன்னால் கடல். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், கடல் அரித்து அரித்து முன்பகுதி போய் மிச்சம் நிற்கிறது. 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஊர் அது. தெருக்களில் நடக்க அமைதியாக இருக்கும். குளிக்க ஏற்ற கடல் என்று சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு உட்கார்ந்து பார்க்க நல்ல ஊர்.

ஒரு சந்தேகம், மணப்பாடு அக்கா: உங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

மணப்பாட்டுக்காரி

சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்றுதான் சொல்லவில்லை.

திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம் தாண்டினால் எங்கள் ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல்பாறை மேடு. மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியிருந்த குகை. அவர் வந்தது 1542-ல். கருமேனி ஆறு வந்து சேரும் இடத்தில் மணல்திட்டுக்குப் பின்னால் கழி (உப்பங்கழி) தேங்கிக் கிடக்கும், நாங்கள் நீந்தப் பழகியது அதில்தான். கடல் வற்றும் நேரத்தில் மேட்டின் அடியில் பாறைக்குட்டைகளில் தண்ணி நிற்கும். எங்கள் கரையில் ஏற்றவற்று மூன்று அடிக்குள்தான், அதனால் குட்டைகளும் ஆழம் இருக்காது. குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் மீன், கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு, பாறையோடு ஒட்டிய பூ மாதிரி ஒன்று, தொட்டால் சுருங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சீருடையோடு அதில் உட்கார்ந்திருப்போம். அம்மா ஓலை முடைந்துகொண்டே திட்டுவார். எங்கள் ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் செய்யும் பெட்டிகளை வாங்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்பார்கள்.

ஆனால் மேயில் வராதீங்க. கச்சான் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை வாரி அடிக்கும், கண் திறக்க முடியாது. மாசி மாதம் வாங்க. கடலும் அடங்கியிருக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் கூட இருக்கும். அரியமான் பக்கம் காலையில் கரைவலையோ நாட்டுப்படகோ வந்தால் அங்கேயே வாங்கி, சமைத்துக் கொடுக்க யாரையாவது கேளுங்கள்.

சேரம்பாடிக்காரன்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பாவும் அப்படி வந்தவர்தான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. அதற்கு இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போய்விட்டது. அதற்கு முன்பெல்லாம் கப்பல் தனுஷ்கோடியில்தான் நிற்கும். அதனால்தான் உங்கள் அம்மாயி ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறார்.

ராமேஸ்வரத்திலிருந்து மண்டபத்துக்கு அவர் ரயிலில்தான் வந்திருப்பார். 1914-ல் திறந்த பழைய பாலத்தில். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. தம்பி, போகும்போது சாலைப் பாலத்தில் அவரை இடது, வலது எந்தப் பக்கம் உட்கார வைத்தால் ரயில் பாலம் தெரியும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபம் முகாமுக்குள் நம்மை விடமாட்டார்கள், இப்போதும் அங்கே இலங்கை அகதிகள் இருக்கிறார்கள். வெளியில் இருந்துதான் பார்க்க முடியும். அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பாவிடம் சொல்லாமல் கூட்டிப் போய், வாசலில் அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

அரிச்சல்முனைக்கும் போங்கள். 2017-லிருந்து கடைசி வரை தார்ச் சாலை, வண்டியிலேயே போகலாம். மதியத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள், சாயங்காலம் விடமாட்டார்கள். அங்கே இரண்டு கடலும் முட்டும், தண்ணியில் இறங்கவே கூடாது. வழியில் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கம் மீனவர்கள் மணலில் ஊற்று தோண்டிக் குடிதண்ணி எடுப்பதைப் பார்க்கலாம்.

கோத்தகிரிப் பேரன்

போய் வந்துவிட்டோம். மூன்று நாளாக எழுத நினைத்து இன்றுதான் முடிந்தது.

மதுரையில் மதியம் படுக்க வைத்தது நல்ல யோசனை, வண்டிக்கார அண்ணனுக்கு நன்றி. ராத்திரி ராமநாதபுரத்தில் தங்கி, காலை ஆறு மணிக்கெல்லாம் அரியமானில் இருந்தோம். எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். இளநீர்க் கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொடுத்தார். நானும் அக்காவும் அம்மாயியைத் தாங்கிப் பிடித்துத் தண்ணிக்குள் கொண்டு போய், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் இடத்தில் உட்கார வைத்தோம். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணி வந்து தொட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காலுக்கு அடியில் மணல் கரைந்து போகப் போக, பெருவிரலை மடக்கி மடக்கி மணலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொழுந்துக் காட்டுச் சரிவில் வழுக்காமல் நிற்க அப்படித்தான் விரலை ஊன்றுவார், நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்புறம் நாற்காலி வேண்டாம் என்று தண்ணியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு வயதுப் பிள்ளை அவர் மடியில் தண்ணி அள்ளி ஊற்றியது. அவர் தடுக்கவே இல்லை.

இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னார். கப்பலில் தாத்தாவுக்கு வாந்தி நிற்கவில்லையாம். அம்மா கைக்குழந்தை, பசியில் அழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன வயதுப் பெண் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்து இரண்டாக்கி, பாதியைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாராம். கரை வரும் வரை கொடுக்கவில்லை. கேம்ப்பில் இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷெட். இவர்களுக்கு நீலகிரி என்று எழுதினார்கள். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை. பெயரும் கேட்டு வைக்கவில்லை. "அந்தப் பிள்ள எந்த மலைக்குப் போச்சோ" என்றார். எங்கள் அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, தன்னை மடியில் வைத்திருந்த ஒருவரைப் பற்றி அன்றைக்குத்தான் கேட்கிறார்.

மண்டபத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் உள்ளே போகக் கேட்கவில்லை. வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேரம்பாடி அண்ணா, நீங்கள் எழுதாவிட்டால் நானும் சொல்லாமலேதான் கூட்டிப் போயிருப்பேன்.

வில்லூண்டியில் ஒன்பது வயதுப் பிள்ளை தண்ணியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கடல் தண்ணியையும் வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி கிணற்றுக்கு வந்தது. நாலு தடவை. அரிச்சல்முனையில் அம்மாயி வண்டியை விட்டு இறங்கவில்லை. காற்று பலமாக அடித்தது. "அங்க தெரியறது மணல்தானே, ஊரு தெரியாதே" என்று கேட்டார். தெரியாது அம்மாயி என்றேன். சரி, திரும்பு என்றார்.

தேவிபட்டினத்துக்கு நேரம் இல்லை. வெயிலில் பிள்ளைகளுக்கு முகம் எல்லாம் சிவந்துவிட்டது, மூன்றாம் நாளே மலையேறிவிட்டோம்.

பண்ணைக்காட்டு மலைவாழை

தம்பி, இங்கே கொடைக்கானல் மலையிலும் வால்பாறையிலும் தாயகம் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கேரளாவில் புனலூர் ரப்பர் தோட்டத்துக்கும், கர்நாடகாவில் சுள்ளியாவுக்கும் அனுப்பினார்கள். 1974-ல் கைக்குழந்தையை மடியில் வாங்கி வைத்திருந்த அம்மா யாராவது இருக்கிறாரா என்று நான் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். அம்மாயி எந்த மாதம் வந்தார், அட்டனில் எந்தத் தோட்டம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.

கோத்தகிரிப் பேரன்

எழுதுகிறேன் அண்ணா. மாதம் ஞாபகம் இல்லை என்கிறார், ஆனால் கப்பலில் இருந்து இறங்கும்போது மழை தூறியது என்கிறார். குடும்ப அட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் தேதி இருக்கும், இன்று ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன்.

மணப்பாடு அக்கா, மாசி மாதம் உங்கள் ஊருக்கு வருவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. பாறைக்குட்டைக்கு அம்மாயியால் இறங்க முடியுமா?

மணப்பாட்டுக்காரி

பாறை வழுக்கும், அவங்களை இறக்க வேண்டாம். கழி ஓரத்தில் உட்கார வையுங்கள், அங்கே தண்ணி அசையாது. பிள்ளைகளைக் குட்டைக்கு நான் கூட்டிப் போகிறேன். வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், நானும் லீவு போட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன்.